21 நாள் கதையும் பொபின் தீர்வதும்

ஆறாம்தடவை
2024 பெப்ரவரி 6, மாலை

21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று ஊரே சொல்கிறது. நான் ஐந்து தடவை தொடங்கி ஐந்து தடவையும் விட்டேன். காலை நடை, இரவில் பல் தீட்டுவது, தண்ணீர் குடிப்பது, நாரி நோவுக்கு டொக்டர் சொல்லித்தந்த பயிற்சி, எல்லாம்தான். ஒருமுறை 19 நாள் வரை போனேன், வீட்டில் ஒரு கலியாணம் வந்தது, அதோடு சரி. வயது 41. மட்டக்களப்பில் கந்தோர் வேலை. ஆறாவது தடவை தொடங்கலாமா என்று யோசிக்கிறேன். புத்தகத்தில் இருப்பதை எழுத வேண்டாம். செய்து பார்த்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


தையல்கடைக்காரன்
பெப்ரவரி 6, இரவு 9.10

21 நாள் சுத்தப் பொய். 66 நாள். லண்டனில் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். உங்கள் 19 நாள் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, தங்கச்சி. கடை பூட்டுகிறேன். மிச்சம் நாளைக்கு.


பெப்ரவரி 7

நேற்று அவசரத்தில் எழுதியதைத் திருத்த வேண்டும். மகள் கம்பஸில் படிக்கிறாள். அந்த ஆய்வைத் தேடி எடுத்து, "அப்பா, பாதியைத்தான் வாசிச்சிருக்கிறீங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்.

பிலிப்பா லாலி என்பவரும் கூட இருந்தவர்களும் செய்து 2009 இல் வெளியிட்டது. 96 பேர், 12 கிழமை. ஒவ்வொருவரும் ஒரு சின்னக் காரியத்தை எடுத்து, தினமும் நடக்கிற ஏதோ ஒன்றோடு சேர்த்துச் செய்ய வேண்டும். மத்தியானச் சாப்பாட்டோடு ஒரு பழம் என்கிற மாதிரி. யோசிக்காமலே கை போகிற நிலை வர எத்தனை நாள் என்று பார்த்தார்கள். 66 என்பது நடுவில் விழுந்த எண். ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்கு 254. பன்னிரண்டு கிழமை என்றால் 84 நாள்தானே, 254 எங்கிருந்து வந்தது என்று மடக்கினேன். போகிற போக்கை வைத்துக் கோட்டை நீட்டிக் கணித்ததாம்.

ஆக, எல்லாருக்கும் 66 என்பதும் பிழை. வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் மீடியம் சேர்ட்டை எடுத்துக் கொடுக்கிற வேலை அது. அதே ஆய்வில் உங்களுக்கு வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது: இடையில் ஒரு நாள் விட்டதால் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கலியாணத்தால் நின்றது என்கிறீர்கள். கலியாணத்தோடு ஒரு நாள்தான் போயிருக்கும். மிச்சத்தை, "போச்சுதே" என்று நினைத்து நீங்களே விட்டிருப்பீர்கள். நான் அப்படித்தான் விட்டேன்.

21 நாள் கதை 1960 இல் ஓர் அமெரிக்க பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை டொக்டர் எழுதியதிலிருந்து வந்தது. முகம் மாற்றியவர்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்றார். சொல்லிச் சொல்லி "குறைந்தது" உதிர்ந்துவிட்டது. மூக்குக்குச் சொன்னதை நடைக்கு ஒட்டிவிட்டார்கள்.


பெப்ரவரி 9

நான் யார் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். டவுனில் சின்னத் தையல் கடை, வீடு கல்லடி. 51 வயது. 27 வருடம் மெசினில்.

முதல் 20 வருடம் மிதி மெசின். 2017 இல் மோட்டார் பூட்டினேன். வேலை கூடியது, வலது காலின் முன்பாதம் மட்டும் அரை இன்ச் அமுக்கினால் போதும். இரண்டு வருடத்தில் என் சொந்த லோங்ஸையே இடுப்பில் பிரித்துத் தைக்க வேண்டி வந்தது. மோட்டார்தான் காரணம் என்று சத்தியம் பண்ண மாட்டேன். அதே காலத்தில் சைக்கிளை விற்று மோட்டார் சைக்கிளும் வாங்கினேன், கடைக்குப் பக்கத்தில் ரோல்ஸ் கடையும் வந்தது.

நாரி பிடித்துக்கொண்டபோது டொக்டர், அரை மணிக்கு ஒருக்கால் எழும்பி நடக்கச் சொன்னார். போனில் மணி வைத்தேன். மணி அடிக்கும்போது கையில் கொலர் இருக்கும், பாதியில் விட்டால் கோணும். மணியை அணைத்துவிட்டுத் தைப்பேன். நாலாம் நாள் மணியையே எடுத்துவிட்டேன்.

மறுகா ஒரு நாள் பொபின், அடிநூல் சுற்றி மெசினுக்குள் போடுகிற சின்ன உருளை, தீர்ந்தபோதுதான் மூளையில் பட்டது. மணி அடித்தால் நிற்க மாட்டேன். ஆனால் அடிநூல் தீர்ந்தால் எந்தக் கொம்பனும் நின்றுதான் ஆக வேண்டும். காலையில் பத்துப் பொபின் சுற்றி, பால்மா ரின் ஒன்றில் போட்டு முழங்கைக்குப் பக்கத்தில் வைப்பது என் வழக்கம். அந்த ரின்னைத் தூக்கி அயர்ன் மேசைக்கு அங்கால் உள்ள உயரத் தட்டில் வைத்தேன். அவ்வளவுதான் செய்தது. பொபின் தீரும், எழும்பிப் போவேன், தட்டை எட்ட உடம்பு நீளும், திரும்பி வரும் வழியில் கதவு நிலையைப் பிடித்துத் தோளை ஒருக்கால் விரிப்பேன். இப்போது எழும்பும்போது, எழும்ப வேண்டும் என்ற நினைப்பே இல்லை.


பெப்ரவரி 10

ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது பொபின். சாக்குத் துணி என்றால் இன்னும் கூடும். கேட்ட தம்பிக்கு.

உங்கள் கந்தோரில் பொபின் இல்லை என்று தெரியும் தங்கச்சி. ஆனால் பிரின்டர் இருக்கும். கதிரையை விட்டு எழும்பாமல் பேப்பர் எடுக்கிற தூரத்திலா இருக்கிறது?


பெப்ரவரி 18

நிறுத்துப் பார்க்கிற மெசின் வாங்கவா என்று கேட்டவருக்கு: அளவு நாடா போதும். தெற்காசிய ஆண்களுக்கு வயிற்றுச் சுற்று 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80. அதற்கு மேல் போனால் சீனி வருத்தம், இருதய வருத்தம் இரண்டுக்கும் வழி கூடுகிறது. இன்ச்சில் ஏறக்குறைய முப்பத்தைந்தரை, முப்பத்தொன்றரை.

என்னிடம் 27 வருடத்து அளவுக் கொப்பிகள் இருக்கின்றன. இந்த ஊரின் வயிறு வளர்ந்த சரித்திரம் அதில்தான் இருக்கிறது. கலியாண மாப்பிள்ளையாய் வந்து 29 என்று எழுதிப் போனவர்கள் மகனின் கலியாணத்துக்கு 36 என்று வருகிறார்கள். யார் என்று சொல்ல மாட்டேன், தொழில் தர்மம். ஆனாலும் 36 என்பது 90ஐக் கொஞ்சம்தானே தாண்டியிருக்கிறது, நம் ஆட்கள் அவ்வளவு மோசமில்லை என்று ஒரு ஆறுதல்.


பெப்ரவரி 19

ஆறுதல் வேண்டாம். நேற்றுப் படுத்த பிறகுதான் உறைத்தது.

கொப்பியில் இருப்பது லோங்ஸ் இடுப்பு. நம் ஆண்கள் வயிறு வர வர லோங்ஸை வயிற்றுக்குக் கீழே இறக்கிக் கட்டுகிறார்கள். அங்கே சுற்று அவ்வளவாகக் கூடுவதில்லை. டொக்டர் கேட்பது வேறு இடம்: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்ட பிறகு, நாடா தோலை அமுக்காமல். இன்று கடை திறந்ததும் டிரையல் கண்ணாடிக்கு முன் நின்று என்னையே அளந்தேன். லோங்ஸ் இடுப்பு 36. வயிறு நாற்பதரை. 27 வருடம் பிழையான இடத்தில் நாடா போட்டிருக்கிறேன். தைப்பதற்கு அதுதான் சரியான இடம், அது வேறு கதை.


மார்ச் 5

தண்ணீர். இதில் எனக்குக் கஷ்டமே இருக்கவில்லை. ஒரு லீற்றர் போத்தல் இரண்டு, கட்டிங் மேசையில் கண்ணுக்கு முன். மத்தியானத்துக்குள் ஒன்று, கடை பூட்ட முதல் மற்றது. கண்ணுக்கு முன் வைத்தால் யாரும் குடிப்பார்கள். குடிக்காதது சோம்பல்.


மார்ச் 6

மேலே உள்ள கடைசி வரியை வாபஸ் வாங்குகிறேன்.

கடையில் ஓவர்லொக் அடிக்கிற அக்கா ஒருவர் இருக்கிறா, ஆரையம்பதியிலிருந்து பஸ்ஸில் வருகிறா. அவவுக்கும் ஒரு போத்தல் வாங்கிக் கண்ணுக்கு முன் வைத்தேன். பின்னேரம் பார்த்தால் போத்தல் அப்படியே. "ஏன் அக்கா குடிக்கிறதில்லை?" என்று கேட்டேன். மெசினை நிறுத்தாமலே சொன்னா: "குடிச்சா எங்க போறது தம்பி?"

எங்கள் வரிசைக் கடைகளுக்கெல்லாம் பின்னால் ஒரே ஒரு கழிப்பறை. சாவி கடைசிக் கடையில். ஆண்கள் நாலைந்து பேர் இருக்கிற கடையில் போய் ஒவ்வொரு தரமும் சாவி கேட்க வேண்டும். ஒன்பது வருடமாக அவ காலையில் ஒரு பிளேன்டியோடு பஸ் ஏறி, வீட்டுக்குப் போய்த்தான் தண்ணீர் குடிக்கிறா. இரண்டு தரம் சிறுநீர்க்கடுப்பு வந்து லீவு போட்டதும் இப்போதுதான் எனக்குப் பொருந்துகிறது. நான் சோம்பல் என்று எழுதிவிட்டேன்.


மார்ச் 8

இன்னொரு சாவி வெட்டி அக்காவின் மெசினுக்குப் பக்கத்துச் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டேன். ஒன்றும் சொல்லவில்லை, அவவும் கேட்கவில்லை.


மார்ச் 13

போத்தல் முடிகிறது.

முதலில் கேள்வி கேட்ட ஆறாம்தடவையும் தனிமடலில் எழுதியிருக்கிறா. அவவின் கந்தோர்க் கழிப்பறைக் கதவுக்குக் கொண்டி இல்லையாம். இரண்டு வருடமாம். "என்னிடம் மனவுறுதி இல்லை என்றுதான் நினைத்தேன்" என்கிறா. கொண்டி ஒன்று என்ன விலை இருக்கும்?


மார்ச் 21

நடை பற்றி எழுதச் சொல்லி மூன்று பேர்.

வெள்ளைச் சப்பாத்து வாங்கி, காலை ஐந்தரைக்குக் கல்லடிப் பாலத்தில் ஒரு கூட்டத்தோடு நடந்தேன். ஒன்பது நாள். இதமான காற்று, வாவியில் வெளிச்சம் விழுகிற நேரம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நான் இரவு பத்தரைக்குச் சாப்பிட்டு பதினொன்றரைக்குப் படுக்கிறவன். ஐந்தரைக்கு எழும்புவது பழக்கம் ஒன்றைச் சேர்ப்பதில்லை, வாழ்க்கையையே மாற்றுவது. அதற்கு எனக்கு வக்கில்லை.

இப்போது காலையில் பஸ்ஸில் போகிறேன். மோட்டார் சைக்கிள் வீட்டில். பின்னேரம் வீட்டுக்கு வந்துதானே ஆக வேண்டும், நடந்து வருகிறேன். அரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. கிழமைக்கு ஐந்து நாள் என்றால் உலக சுகாதார நிறுவனம் கேட்கிற 150 நிமிடம் வந்துவிடுகிறது, கூட்டிக் கழிக்கத் தேவையில்லை. கிழமைக்கு இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுக்கவும் சொல்கிறார்கள். அதை இன்னும் நான் தொடவில்லை, துணிக்கட்டுத் தூக்குவதைக் கணக்கில் சேர்க்கலாமா என்று பார்க்கிறேன்.

பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்று போன் சொல்வதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 1965 இல் யப்பானில் ஒரு கம்பனி அடி எண்ணும் கருவி விற்றபோது வைத்த பெயர் அது, பத்தாயிரம்-அடி-மீற்றர். வியாபாரப் பெயர்.

பாலத்துக்கு வந்தால் நடை தானாக மெதுவாகிவிடும், யாராவது தூண்டில் போட்டுக்கொண்டு நிற்பார்கள், என்ன பட்டது என்று எட்டிப் பார்க்காமல் போக முடியாது. பழைய பாலம் 1924 இல் கட்டியது, புதியது 2013 இல் திறந்தது. வாவியில் மீன் பாடும் என்று ஊர் சொல்கிற அந்தப் பாடுமீன் கேட்டதா என்று மகள் கேட்கிறாள். எனக்கு மூச்சு வாங்குவதுதான் கேட்கிறது.


ஏப்ரல் 17

ஆளைக் காணவில்லை என்று கேட்டவர்களுக்கு: நோன்புப் பெருநாளும் சித்திரை வருடப்பிறப்பும் இந்த முறை ஒரே கிழமையில் வந்தன. காத்தான்குடிக்காரரும் நம்மவரும் ஒரே நாளில் துணி கொண்டுவந்தால் தையல்காரன் என்ன ஆவான்?

பொபின் திட்டம் கவிழ்ந்தது. அவசரத்துக்கு உதவிக்கு ஒரு பொடியனை எடுத்தேன். நல்ல பொடியன், மிக நல்லவன். பொபின் தீர்ந்த சத்தம் கேட்டதும் ஓடிப்போய் எடுத்து வந்து, "இந்தாங்க அண்ணன்" என்று கையில் வைத்துவிடுவான். மூன்று கிழமை நான் கதிரையை விட்டு எழும்பவே இல்லை. நாரி பழையபடி.

தேத்தண்ணியும் அப்படியே. ஒரு கோப்பைக்கு மூன்று கரண்டி, நாளைக்கு ஐந்து கோப்பை. பதினைந்து கரண்டி சீனி. ஆறு கரண்டிக்குள், 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூன்றை ஒரேயடியாக ஒன்றாக்கினேன், இரண்டு நாளில் மனிசியோடு சண்டை. மறுகா கிழமைக்குக் கால் கரண்டி வீதம் குறைத்தேன். பெருநாள் வந்ததும் வாடிக்கையாளர் கொண்டுவந்த வட்டிலப்பத்துக்கு எந்தக் கரண்டிக் கணக்கும் இல்லை. சர்க்கரை, தேன், பனங்கட்டி என்றால் பரவாயில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். படுவான்கரை எருமைத் தயிருக்குச் சர்க்கரை சேர்ந்தால் என்ன ருசி என்று எனக்கும் தெரியும். இரத்தத்துக்கு எல்லாம் சீனிதான்.

பொடியன் நேற்றோடு போய்விட்டான். ரின் தட்டில் இருக்கிறது.


மே 24

கச்சான் காற்று. துணியில் சோக்கட்டிக் கோடு போட்டால் ஊதிக்கொண்டு போகிறது. ஒன்றும் எழுத உற்சாகமில்லை. ஒரு கேள்விக்கு மட்டும்: ஆம், கண்ணுக்கும் செய்கிறேன். 20 நிமிடத்துக்கு ஒருக்கால், 20 அடி தூரத்தில் உள்ளதை, 20 செக்கன். எதிர்க்கடைப் பெயர்ப்பலகையை இவ்வளவு நாளும் பிழையாக வாசித்திருக்கிறேன்.


யூன் 2

நாற்பதரை இன்ச் வயிற்றோடு ஐம்பது வருடம் சும்மா இருந்தவர் ஏன் திடீரென்று இதில் இறங்கினீர்கள் என்று ஒருவர் கேட்கிறார். பெப்ரவரியிலேயே சொல்லியிருக்க வேண்டும். வெட்கம்.

போன வருடம் ஒக்டோபர். மோட்டார் மிதியை வெறுங்காலால் அமுக்குவதுதான் எங்களுக்குப் பழக்கம், செருப்போடு அமுக்கினால் வேகம் பிடிபடாது. பின்னேரம் நாலு மணி இருக்கும், ஒரு சீருடையை முடித்துக்கொண்டிருந்தேன். அக்கா, "தம்பி, காலைப் பார்" என்றா. நிலத்தில் ரத்தம், மிதியிலும் ரத்தம். குதிக்காலில் பாதி உடைந்த ஊசி ஏறி நின்றது. எப்போது ஏறியது என்று எனக்குத் தெரியவில்லை. அதன்மேலேயே நடந்திருக்கிறேன், தேத்தண்ணி வாங்கப் போய் வந்திருக்கிறேன். நோகவில்லை.

ஊசி குத்தினால் தையல்காரனுக்குத் தெரியாதா? அன்றிரவு நான் தூங்கவில்லை.

கிளினிக்கில் வெறும் வயிற்றில் பார்த்தபோது சீனி 187. 126 வந்தாலே வருத்தம் என்று கணக்கு. டொக்டர் ஒரு நைலோன் இழையை எடுத்தார். பத்துக் கிராம் பாரத்தில் வளைகிற இழையாம். கண்ணை மூடச் சொல்லி உள்ளங்காலில் பத்து இடத்தில் தொட்டார். தொடும்போது சொல்லுங்கள் என்றார். நான் ஆறு தரம் சொன்னேன். நாலு இடத்தில் அவர் தொட்டதே எனக்குத் தெரியாது. ஆயுள் முழுக்க நூலைத் தொட்டு வாழ்ந்தவன், நூல் தொட்டது தெரியாமல் இருந்தேன்.

35 வயது கடந்தால் வருத்தம் இல்லாவிட்டாலும் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசமாகப் பார்க்கிறார்கள், பிரஷர், சீனி, இடுப்புச் சுற்று எல்லாம். எனக்கு இது 35 இல் தெரியாது. தெரிந்திருந்தாலும் போயிருப்பேனா என்பது வேறு.

பழைய ரேடியோ ஸ்பீக்கர் ஒன்றின் காந்தத்தைக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறேன். கடை பூட்ட முதல் நிலமெல்லாம் இழுப்பேன், மறுகாதான் கூட்டுவது. முதல் நாள் 31 குண்டூசி, 4 ஊசி. காலையில் செருப்பைக் கழற்றியதும் டிரையல் கண்ணாடி முன் இருந்து உள்ளங்காலைத் திருப்பிப் பார்ப்பேன், விரல் இடுக்குகளையும். முதல் வாடிக்கையாளர் இதைப் பார்த்து நான் ஏதோ பூசை செய்கிறேன் என்று நினைத்து வெளியே நின்றார்.


ஆகஸ்ட் 6

மாமாங்கத் தீர்த்தத்துக்குப் போய் வந்தேன். ஆடி அமாவாசை வெயிலில் மணல் எப்படி இருக்கும் என்று அமிர்தகழிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். எல்லாரும் துள்ளித் துள்ளி நடந்தார்கள். நான் மட்டும் ஆறுதலாக நடந்தேன், பக்கத்தில் வந்த அம்மா "அருள்" என்று கும்பிட்டா. அருள் இல்லை அம்மா, நரம்பு. சனம் விலகியதும் செருப்பைப் போட்டுக்கொண்டேன். சாமி கோபித்ததாகத் தெரியவில்லை.

மச்சான் ஒருவர் ஒவ்வொரு ஆடிக்கும் உகந்தையிலிருந்து குமண, யால காட்டு வழியாகக் கதிர்காமம் நடக்கிறவர். அவருக்கும் சீனி இருக்கிறது. வெறுங்கால்தான் நேர்த்தி என்று நின்றார். இந்த முறை இரவு தங்குகிற இடத்தில் காலை டோர்ச் அடித்துப் பார்ப்பதற்கு மட்டும் சம்மதித்தார். மூன்றாம் இரவு ஒரு கொப்புளம் அகப்பட்டது. துணி சுற்றி, மிச்சத்தைச் செருப்போடு நடந்தார். நேர்த்தியைப் பற்றி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.


செப்டெம்பர் 15

இரவுப் பல் தீட்டல். மறதிதான் பிரச்சினை. கேற்றுச் சாவி தொங்கும் ஆணியில் பிரஷையும் தொங்கவிட்டேன், பூட்டாமல் படுக்க மாட்டேன் அல்லவா. பல்லி ஏறுது என்று மனிசி மூடி போட்ட கோப்பைக்கு மாற்றினா. தீட்டியதும் துப்பினால் போதும், வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் பற்பசையில் உள்ள மருந்து போய்விடும். சீனி இருப்பவர்களுக்குப் பல்முரசு சீக்கிரம் கெடும், முரசு கெட்டால் சீனியும் ஏறும்.

"அந்தக் காலத்தில் வேப்பங்குச்சிதான், எல்லாருக்கும் முழுப் பல்" என்று எழுதியவருக்கு: எங்கட பெத்தா அறுபது வயதில் பாக்கை உரலில் இடித்துத்தான் போட்டா. பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004 இல் வகைப்படுத்தியது. பெத்தாவுக்கு அதுவும் தெரியாது, பாவம்.


டிசம்பர் 5

நவம்பர் கடைசி வெள்ளம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கடைக்குள் முழங்கால் தண்ணீர், துணிக்கட்டுகளை அயர்ன் மேசைமேல் அடுக்கினோம். 12 நாள் நடை இல்லை. வெள்ளத் தண்ணீரில் காலை வைக்க விடவில்லை மகள், கண்ணுக்குத் தெரியாத காயம் இருந்தால் என்ன செய்வது என்று. முன்பென்றால் இந்த 12 நாளோடு கதை முடிந்திருக்கும். நேற்றுப் பின்னேரம் கடையை விட்டு இறங்கினேன், பாலம் வரை வந்த பிறகுதான் நடந்து வந்துகொண்டிருக்கிறேன் என்பதே நினைவு வந்தது.

ஆறாம்தடவை எழுதியிருக்கிறா: காலை நடையைக் கைவிட்டாவாம், ஏழாம் தடவை கிடையாதாம். ஆனால் பிரின்டரை அடுத்த அறைக்கு மாற்றச் சொல்லி மாற்றிவிட்டார்களாம். கொண்டி மார்ச்சிலேயே போட்டாச்சு, தன் காசில்.

கொப்பிகள் நனையவில்லை. இன்று புதுக் கொப்பி தொடங்கினேன், முதல் பக்கத்தில் என் அளவு. வயிறு, சரியான இடத்தில், முப்பத்தெட்டே கால். அக்கா எட்டிப் பார்த்து, "இது யாருக்கு லோங்ஸ்?" என்றா. துணி இன்னும் வரவில்லை என்றேன்.